மோட்டார் சைக்கிள் கட்டிய மனிதர்

கடந்த வாரம் பத்திரிகையில் வெளிவந்த மரண அறிவித்தலில் அவருடைய பெயருக்குக் கீழே ‘மோட்டார் மெக்கானிக்’ என்று அச்சிட்டிருந்தார்கள். துயரத்தில் இருந்த குடும்பத்தார் அவசரத்தில் கொடுத்த விபரம் அது. அவர்களில் பிழை காண எனக்கு உரிமையில்லை. ஆனாலும் நேற்று எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து வீட்டுக்கு வந்த பின்னரும் அந்த இரண்டு சொற்களும் மனதை அரித்துக்கொண்டே இருக்கின்றன. மெக்கானிக் என்பது குறைவான தொழில் என்று நான் கருதவில்லை. அவர் செய்தது அந்தத் தொழில் அல்ல என்பதுதான் என் ஆதங்கம்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கராஜ் வாசலில் ஒரு பெயர்ப்பலகைகூட மாட்டாமல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர் அவர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், தகரக்கூரை போட்ட இடம். சிங்களவரும் முஸ்லிம்களும் அவரை ‘பாஸ்’ என்றார்கள். நாங்கள் ‘அண்ணை’ என்போம்.

பழுது திருத்துபவர், வண்டி முன்பு எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருகிறார். அண்ணையிடம் வந்த வண்டி, அதுவரை இருந்திராத ஒரு வண்டியாகத் திரும்பிப் போனது. ஃப்ரேமின் பின்பகுதியை அறுத்து வேறு வளைவில் குழாய் பொருத்துவார். டாங்கியைத் தகட்டிலிருந்து அடித்து எடுப்பார். ஹெண்டிலின் உயரத்தையும் கால்மிதியின் இடத்தையும் ஓட்டுபவரின் உடம்புக்கு அளவெடுத்து அமைப்பார். இதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. நாங்கள் வீடு கட்டுகிறோம், தேர் கட்டுகிறோம், வள்ளம் கட்டுகிறோம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் எங்கள் ஆட்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பின்னர் கடல்கள் கடந்து, 1938 ஓகஸ்ட் மாதத்தில் மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை அமைத்தவர்களை எவரும் கப்பல் மெக்கானிக் என்று சொல்வதில்லை. அண்ணை மோட்டார் சைக்கிள் கட்டினார். அப்படித்தான் அவரைச் சொல்லவேண்டும்.

நான் அவரிடம் முதன்முதலாகப் போனது 2014 இல், அப்பா காலமாகி ஆறு மாதம் கழிந்த பின்னர். அப்பாவின் ஹொண்டா சீ.டி. 125 வீட்டுச் சுவரோடு சாய்ந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தது. இரட்டைச் சிலிண்டர், 124 சீசீ. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்கு அப்பா அதில்தான் நாள்தோறும் போய்வந்தார். வாலிப முறுக்கில் நான் தொலைபேசியில் சேமித்து வைத்திருந்த படங்களைக் காட்டி, இப்படிக் கஃபே ரேசராக மாற்றித் தரவேண்டும் என்றேன். 1950களிலும் 60களிலும் இலண்டனின் ஏஸ் கஃபேயைச் சுற்றி வளர்ந்த பாணி அது. ஹெண்டில் தாழ்ந்து, கால்மிதி பின்னுக்குத் தள்ளி, சீற்றில் ஓர் ஆள் மட்டும் குனிந்து இருக்கக்கூடியது. அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: “பின்னால ஆர் இருப்பினம் தம்பி?”

அம்மா என்றேன். அம்மா கோயிலுக்கும் சந்தைக்கும் என்னோடுதான் வருவார்.

“அப்ப இந்தப் படத்தில அம்மாவுக்கு இடமில்லையே.”

என்னை வண்டியில் ஏற்றிச் சுவரைப் பார்த்தபடி இருக்கச் சொன்னார். கண்ணை மூடி, கையைத் தளர்வாக நீட்டச் சொன்னார். என் கை எங்கே போய் நின்றதோ அந்த உயரத்தைச் சுவரில் சோக்கட்டியால் குறித்தார். முழங்கால், பாதம், இடுப்பு எல்லாவற்றுக்கும் குறி. எந்த வீதியால் வேலைக்குப் போவேன், மழையில் ஓட்டுவேனா, முதுகில் பை கொழுவுவேனா என்றெல்லாம் விசாரித்தார். இவற்றைத் தாளில் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. கையில் அகப்பட்ட தகட்டுத் துண்டில் பென்சிலால் எழுதி வைப்பார்.

வேலை நான்கு மாதம் எடுத்தது. அதற்குள் பன்னிரண்டு, பதின்மூன்று சனிக்கிழமைகள் நான் அங்கேயே கிடந்தேன். டாங்கியின் அடி மூலையைத் துரு தின்று ஊசிமுனை அளவில் ஓட்டைகள் விழுந்திருந்தன. பெற்றோலைக் காட்டிலும் பெற்றோல் ஆவிதான் ஆளைக் கொல்லும் என்று சொல்லி, சவர்க்காரமும் சுடுநீரும் விட்டு ஐந்தாறு தடவை அலசினார். பிறகு டாங்கியைக் கவிழ்த்து, ஓட்டை மேலே வரும்படி வைத்து, ஒட்டவேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் நிரப்பினார். உள்ளே ஆவி தங்க இடமே இல்லை. அதன்பிறகுதான் காஸ் சுவாலையைக் கிட்டக் கொண்டுபோனார். பித்தளை உருகி அந்தத் துவாரங்களுக்குள் தேன் இறங்குவதுபோல் இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

டாங்கியின் இரண்டு பக்கத்திலும், அப்பாவின் முழங்கால்கள் ஆண்டுக்கணக்கில் உரசி, பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. முழுவதும் சுரண்டிப் புதுநிறம் அடிக்கச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. அந்த இரண்டு இடங்களையும் நுண்ணிய அரத்தாளால் துடைத்து, துரு ஏறாதபடி நிறமற்ற வாணிஷை மட்டும் பூசினார். “இது கொப்பர் செய்த வேலை. நான் அழிக்கேலாது” என்றார். இன்றைக்கும் நான் வண்டியில் ஏறினால் என் முழங்கால்கள் அந்த இரண்டு தேய்வுகளிலும்தான் போய்ப் பொருந்துகின்றன. கலைஞர் என்ற சொல்லை நான் கண்டபடி பயன்படுத்துவதில்லை. அன்று அவருக்குப் பயன்படுத்தினேன்.

அவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். தொழில் படித்தது 1990க்குப் பின்னர், போரில் அரசாங்கம் அங்கே பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. ‘சூப்பி’ என்ற சிறு போத்தலால் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதை அந்தத் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர். இல்லாத ஒன்றைக் கையால் செய்துதான் ஆகவேண்டும் என்ற நெருக்கடியில் பழகிய கை அவருடையது. அந்தக் காலத்தை அவர் ஒருபோதும் பெருமையாகப் பேசியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2022 இல் எரிபொருளுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த நாட்களில், மண்ணெண்ணெயில் ஓடப் பண்ணித் தரும்படி பலர் அவரைத் தேடி வந்தார்கள். எல்லோரையும் திருப்பி அனுப்பினார். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டரால் வழிந்து ஒயிலோடு கலக்கும், இயந்திரம் உள்ளுக்குள்ளேயே தேய்ந்துபோகும், வேறு வழியில்லாமல் அன்று செய்த பாவத்தை இன்று காசுக்குச் செய்யமாட்டேன் என்றார்.

கராஜின் உள்சுவரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து வெட்டிய படம் ஒட்டியிருந்தது. கடும் நீலமும் இளஞ்சிவப்புமான ஒரு பந்தய வண்டி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்து ஜோன் பிரிட்டன் கட்டிய வீ1000. வழமையான ஃப்ரேம் இல்லை, இயந்திரமே உடம்பு. ரேடியேற்றர் சீற்றுக்குக் கீழே. இயந்திரம், கார்பன் ஃபைபர் சில்லு என்று பெரிய நிறுவனங்கள் செய்யவேண்டியவற்றை ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு கையால் செய்தார். மொத்தம் கட்டியது பத்தே வண்டிகள். பிரிட்டனுக்குச் சிறுவயதிலிருந்தே வாசிப்பதில் இடர்ப்பாடு இருந்தது என்ற செய்தி, சாதாரண தரப் பரீட்சையோடு பாடசாலையை விட்ட அண்ணைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவர் அதைச் சொல்லும் குரலில் அறிந்துகொள்ளலாம். வண்டியின் வெளித்தோற்றத்தைப் பிரிட்டன் முதலில் கம்பியை வளைத்து ஒட்டித்தான் கண்டுபிடித்தார். அண்ணையும் அதேபோல் கட்டுக்கம்பியை டாங்கியிலிருந்து சீற்றின் நுனிவரை வளைத்து வைத்துவிட்டு, எட்ட நின்று, தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

பிரிட்டன் புற்றுநோயால் இறந்தது 1995 செப்டெம்பர் 5. வயது 45. “நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டது ஒக்டோபர் 30” என்று அண்ணை ஒருமுறை சொன்னார். போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாக, மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்த இரவு அது. பிரிட்டன் என்ற ஒருவர் வாழ்ந்ததே அப்போது அவருக்குத் தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய சஞ்சிகையில்தான் அவரைக் கண்டார். அந்த இரண்டு திகதிகளையும் அவர் ஏன் சேர்த்து நினைவில் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கொஞ்சம் கோபத்தோடு எழுதவேண்டிய இடத்துக்கு வருகிறேன். இந்நகரில் மோட்டார் சைக்கிளை மாற்றியமைப்பது என்றால் சைலன்சரைத் துளைத்துத் தெருவை அலறவைப்பதும் கண்ணைக் குத்தும் விளக்குகளை மாட்டுவதும் என்றாகிவிட்டது. அந்த வேலைகளை அண்ணை தம் கையால் தொட்டதே இல்லை. அவர் முதலில் கை வைப்பது பிரேக்கில். “ஓடுறதுக்கு முதல் நிக்கப் பழகோணும்” என்பார். பழைய டிரம் பிரேக்கில் கம்பி இழுக்கும் அந்தச் சிறு கை, பிரேக் முழுதாகப் பிடிக்கும் தறுவாயில் கம்பியோடு செங்கோணமாக நின்றால்தான் முழுப்பலம் கிடைக்கும். பலர் அதைக் கவனிக்காமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். என் வண்டியில் அவர் அதைக் கழற்றி ஒரு பல் திருப்பி மாட்டியதற்குச் செலவு எதுவும் இல்லை. வண்டி நிற்கும் தூரம் குறைந்ததை அன்றே உணர்ந்தேன்.

வீதியில் மறிக்கும் பொலிஸாருக்கு இந்த வேறுபாட்டை அறிய வழி கிடையாது. அளவோடு வளைத்து, ஒட்டிய இடத்தை இரண்டுமுறை சோதித்துக் கட்டிய ஃப்ரேமும் துளைத்த சைலன்சரும் அவர்கள் பார்வையில் ஒரே குற்றம். ஜெர்மனியில் ரி.யூ.வி. என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் பரிசோதகரிடம் வண்டியைக் கொண்டுபோனால், மாற்றிய பாகம் பாதுகாப்பானது என்று கண்டபின் அதை வண்டியின் பத்திரத்திலேயே பதிய முடியும். பிரித்தானியாவில் ஒற்றை வண்டிக்கென்றே அனுமதிப் பரிசோதனை உண்டு. இங்கும் அப்படி, கட்டியவரின் பொறுப்பை ஏற்று, சோதித்து, பதியும் வழி திறந்திருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2020 இல் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறக்கும்வரை, இந்நாட்டின் பழைய மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்தது இப்படிப்பட்ட கைகள்தாம். கலிபோர்னியாவில் வீட்டுக் கராஜில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பெயின்ட் அடித்துத் தொடங்கிய ஆர்லன் நெஸ் 2019 மார்ச்சில் 79 வயதில் மறைந்தபோது, வடிவமைப்பாளர் ஒருவரை இழந்ததாகவே உலகம் துக்கப்பட்டது. எங்கள் மனிதருக்கு மரண அறிவித்தலில் கிடைத்தது ‘மெக்கானிக்’.

பொரளை கனத்தை மயானத்துக்கு உடலை எடுத்துச்சென்ற அன்று, அவர் கட்டிய வண்டிகள் வீதியின் ஒரு பக்கம் முழுவதும் நின்றன. மோட்டார் சைக்கிள்காரர்களின் வழக்கப்படி எல்லோரும் ஒரேநேரத்தில் இயந்திரத்தை முறுக்கி விடைகொடுப்போம் என்று சில இளைஞர்கள் ஆயத்தமானார்கள். அண்ணையிடம் பதினொரு ஆண்டுகள் தொழில் பழகிய கடுவெலைப் பையன் ஓடிவந்து மறித்தான். ஒயில் சூடேறாத இயந்திரத்தை முறுக்கினால் பாஸுக்குப் பிடிக்காது என்று சிங்களத்தில் சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. எல்லோரும் சாவியை அணைத்தார்கள். வீட்டிலிருந்து பிரதான வீதிவரை அத்தனை வண்டிகளையும் உருட்டிக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் நடந்தோம்.

நேற்று எட்டுச்செலவுக்கு அம்மாவை அந்த வண்டியில்தான் ஏற்றிப்போனேன். சேலை உடுத்து ஒருபக்கமாக இருக்கும் அம்மாவுக்கென்று, இடது பக்கத்தில் இரண்டு பாதங்களும் ஒன்றாக வைக்கக்கூடிய அகலமான மிதியை அண்ணை செய்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக எத்தனை மழை, எத்தனை குழி. அது ஒரு நூலளவும் ஆடியதில்லை. திரும்பி வந்ததும், தாம் கட்டிய வண்டியில் எங்காவது தம் பெயரை அவர் பொறித்திருக்கமாட்டாரா என்ற ஆசையில் டாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். இல்லை. பதிவுப் புத்தகத்திலும் ஹொண்டா என்றுதான் இருக்கிறது. கடைசியாகச் சீற்றைக் கழற்றித் திருப்பினேன். அடித்தகட்டில், அழியாமல், அவருடைய சரிந்த எழுத்தில், என் கை நீளம், கால் நீளம் எல்லாம் பென்சிலால் வரிசையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே இன்னொரு வரி: ‘அம்மா இடப்பக்கம் இருப்பா.’

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, அழியாமல் மூடி வை என்றார்.