ஐஸில் வைத்த துப்பாக்கிக் குழல்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தான். 50 மீட்டர் பிரிவில் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைஃபிள் சுடுகிறவன். "மாமா, உங்கள் பட்டறையில் திரவ நைட்ரஜன் இருக்கிறதே, என் துப்பாக்கிக் குழலை ஒரு நாள் அதில் போட்டு எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டான். மைனஸ் 196 டிகிரியில் குழல் உருக்கில் தேங்கியிருக்கும் உள்இறுக்கம் தளர்ந்து, குண்டுகளெல்லாம் ஒரே இடத்தில் விழுமாம். வெளியில் கேட்ட கூலி கட்டுப்படியாகாமல்தான் மாமன் நினைவு வந்திருக்கிறது.

முப்பது வருடமாக உலையோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். சப்ஜீரோ வேலை, அதாவது உருக்கைக் கடுங்குளிரில் வைத்து எடுப்பது, பித்தலாட்டம் இல்லை. டி2 போன்ற அச்சு உருக்கில் கரிமம் ஒன்றரை சதவீத அளவுக்கு இருக்கும். சூடேற்றிச் சட்டென்று ஆற்றிக் கெட்டிப்படுத்தும் ஹார்டனிங் முடிந்த பிறகும் அதில் ஒரு பங்கு ஆஸ்டெனைட் என்ற மென்மையான வடிவிலேயே தங்கிவிடும். கடுங்குளிரில் வைத்தால் அது மார்ட்டென்சைட் என்ற கெட்டியான வடிவாக மாறும். அச்சு கெட்டிப்படும், பின்னாளில் அளவு பிசகாது. கடினத்தை அளக்கும் ராக்வெல் எந்திரத்தில் வைத்து நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் துப்பாக்கிக் குழல் அச்சு அல்ல. பெரும்பாலும் 4140 வகை குரோம் மாலிப்டினம் உருக்கு, அல்லது 416 வகை துருப்பிடிக்காத உருக்கு. முன்னதில் கரிமம் 0.4 சதவீதம்தான், பின்னதில் இன்னும் குறைவு. துளை போடுவதற்கு முன்பே ஹார்டனிங் செய்து, 500 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தும் டெம்பரிங்கும் முடித்த கம்பி அது. ஆஸ்டெனைட் மிச்சமே இல்லாத இடத்தில் குளிர் எதைப் போய் மாற்றும்?

உள்இறுக்கம் என்பது மட்டும் உண்மை. பட்டன் என்ற கெட்டியான கருவியைத் துளைக்குள் அழுத்தி இழுத்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் போடும்போது உருக்கில் இறுக்கம் ஏறும். அதனால் தொடர்ந்து சுடும்போது குழல் சூடேறி வளையும். குண்டு விழும் இடம் நகரும். அந்த இறுக்கம் போக அணுக்கள் இடம் மாற வேண்டும், அதற்கு வெப்பம் வேண்டும். அதனால்தான் குழலை உலையில் வைத்து இறுக்கம் போக்குகிறார்கள். குளிரில் எல்லாம் வைத்தது வைத்தபடி நிற்கும். காசிமேட்டில் ஐஸ் போடுவதே அதற்குத்தானே? நேற்றைய வஞ்சிரம் ஐஸில் கிடந்து இன்றைய வஞ்சிரமாகிவிடுமா? அதிலும் பாயிண்ட் டூ டூ தோட்டாவுக்கு வெடிமருந்து கொஞ்சம்தான். பெரிய ரைஃபிள் போலக் குழல் கொதிப்பதும் இல்லை.

"செய்தவர்களுக்குப் பலன் தெரிந்திருக்கிறதே" என்றான். ஐந்து குண்டு சுட்டு ஸ்கேலால் அளந்திருப்பார்கள். கை வைக்காத துப்பாக்கியிலேயே காலையில் குண்டுகள் விழும் வட்டமும் மாலையில் விழும் வட்டமும் வேறுவேறாக இருக்கும். போதாக்குறைக்கு, குழலைக் கழற்றி, சுத்தம் செய்து, திருகுகளைப் புதிதாக முறுக்கிப் பூட்டியிருப்பார்கள். எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? துப்பாக்கியைப் பிடிப்பானில் பூட்டி, ஒரே லாட் (ஒரே தொகுதியாகத் தயாரித்த) தோட்டாவில் முன்னால் 50, பின்னால் 50 சுட வேண்டும். பக்கத்தில் குளிரில் போடாத குழல் ஒன்றைக் கழற்றிப் பூட்டி அதையும் அப்படியே சுட வேண்டும். பிறகு பேசலாம்.

அவன் பிரிவில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டு அதற்குள் விழ, நாலைந்து லாட் தோட்டா வாங்கித் தன் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்க்கட்டும். போட்டிக்காரர்கள் காலம்காலமாகச் செய்வது அதுதான்.

அப்படியும் "சும்மா ஒருமுறை போட்டுப் பாருங்களேன் மாமா" என்று நின்றான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் குழலும் ஆயுதம்தான், அதில் வேலை செய்ய எனக்கு உரிமம் இல்லை என்றேன். முகம் தொங்கிவிட்டது. அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.