நான் வெறும் அம்புதான் அண்ணா

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்ற பழமொழியை இனி யாராவது என் காதுபடச் சொன்னால், சொல்பவர் எய்தவரா அம்பா என்று விசாரிக்கும் பொறுமைகூட எனக்கு இருக்காது. நேற்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு அது என் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது. சொன்னவர் எங்கள் தலைவரின் கையாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை என் பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டு, இதே தலைவரை என்னைவிடச் சுவையாகத் திட்டிக்கொண்டிருந்தவர். உங்கள் அலுவலகத்திலும் அவர் இருக்கிறார்; பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

தலைவரின் மேசையில் பதினொரு நாட்கள் கையெழுத்துக்காகத் தவம் கிடந்த ஒரு கோப்பு தாமதமாகிவிட்டது. மேலிடம் விளக்கம் கேட்டுவிட்டது. விளக்கத்துக்கு ஒரு தலை தேவைப்பட்டது. அந்தத் தலை தலைவருடையதாக இருக்க முடியாது என்பது விதி. ஆகவே கையாள் என்னைச் சிறிய அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். சாத்திய கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஒரு குவளைத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். கேட்காமலே தண்ணீர் தருகிறவர் அடுத்துத் தரப்போவது எதுவாயினும் அதை விழுங்கத் தண்ணீர் தேவைப்படும் என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நலமா என்றார். நலம் என்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றார். பரவாயில்லை என்றேன். பெருமூச்சு விட்டார். அதன்பிறகுதான், என் அம்மாவின் முழங்காலுக்கும் அந்தத் தாளுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோல, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை மெல்ல வெளியே எடுத்தார்.

கடிதம் என் பெயரில், நானே எழுதியதுபோல் இருந்தது. "எனது முழுமையான கவனக்குறைவாலும் பொறுப்பற்ற போக்காலும் நிகழ்ந்த இத்தாமதத்துக்காக வெட்கித் தலைகுனிகிறேன்" என்று தொடங்கியது. கீழே என் பெயர், 'ள'கரம் வரவேண்டிய இடத்தில் 'ல'கரத்தோடு. நான் செய்யாத குற்றத்தை, நான் எழுதாத கடிதத்தில், எனக்கு இல்லாத பெயரால் நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

"இதை யார் எழுதியது?" என்று கேட்டேன். அவர் தலையைச் சற்றே சாய்த்து, மிகுந்த துயரத்தோடு, "எய்தவன் இருக்க அம்பை நோகலாமா அண்ணா? நான் வெறும் அம்புதான்" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வழக்கம்போல் மனத்துக்குள் புழுங்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அம்புக்குத் தன் கைவண்ணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவர் 'எழுத்தில் ஏதாவது வாங்கிவிடு' என்று ஒரே வரிதான் சொன்னார். உங்களுக்காக நான்தான் மெனக்கெட்டு நல்ல தமிழில் எழுதினேன்" என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. அதாவது, எய்தவர் கேட்டது ஒரு வரி விளக்கம். 'முழுமையான' என்பது அம்புடையது. 'பொறுப்பற்ற' என்பது அம்புடையது. 'வெட்கித் தலைகுனிகிறேன்' என்பது முழுக்க முழுக்க அம்பின் சொந்தப் படைப்பு. வில்லைவிட்டுக் கிளம்பிய பிறகு வழியில் இறங்கி, நஞ்சு வாங்கித் தன் முனையில் தானே தடவிக்கொண்டு வந்து பாய்கிற அம்பை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

அம்புக்குக் கண் இல்லை. பதவி உயர்வு இல்லை. அது எய்தவரோடு உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடுவதில்லை, அவருடைய அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைவதில்லை, அவர் சொல்லும் நகைச்சுவைக்கு அவர் முடிப்பதற்கு முன்பே சிரிப்பதில்லை. இவற்றையெல்லாம் ஆண்டு முழுவதும் செய்துவிட்டு, வசவு விழும் ஒரே ஒரு நாளில் மட்டும் திடீரென்று உயிரற்ற மூங்கில் துண்டாக மாறிவிடும் வித்தையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தகையவர்களுக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. கையாள், கைத்தடி, கைப்பாவை, கைக்கூலி, அல்லக்கை என்று எல்லாவற்றிலும் ஒரு 'கை' நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றிலாவது முகம் இல்லை. அடியாள் என்பது அடியானுக்குப் பெண்பால். ஒரு காலத்தில் இறைவன்முன் பணிவோடு சொல்லிக்கொண்ட சொல். இன்று அது அடிக்கிற ஆளைக் குறிக்கிறது. எடுபிடி பாவம், எடுத்தும் பிடித்தும் கொடுப்பவர். அவரை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே அநியாயம். என் மனிதருக்குப் பொருத்தமான சொல் கோடரிக்காம்புதான். இரும்பு எங்கிருந்தோ வரலாம். காம்பு மட்டும் நம் தோப்பில் நம்மோடு வளர்ந்த மரம். பக்கத்து இருக்கை மரம்.

சிறிய ஆள், பெரியவர் சொன்னால் மறுக்க முடியுமா என்று அவருக்காகப் பரிந்துபேச நம்மிடையே எப்போதும் நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: பாரதக் கதையில் திரௌபதியைச் சபைக்கு அழைத்துவரத் துரியோதனன் முதலில் துச்சாதனனை அனுப்பவில்லை. ஒரு தேர்ப்பாகனைத்தான் அனுப்பினான். அந்தப் பாகன் போனான்; அவள் கேட்ட கேள்வியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்து சபையின் நடுவே வைத்தான்; மறுபடியும் போகச் சொன்னபோது தயங்கி நின்றான். அவன் தயங்கியதால்தான் துச்சாதனன் தேவைப்பட்டான். பாகனைவிடவா என் முன்னாள் பக்கத்து இருக்கைக்காரர் சிறிய ஆள்?

இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்மீது கொண்ட கோபத்தில் ஏதோ புலம்பினார். என்ன புலம்பினார் என்பதிலேயே பழைய பதிவுகள் ஒன்றுபடவில்லை. ஆனால் அதைக் கேட்ட நான்கு வீரர்களுக்குச் சொல்லாததும் புரிந்துவிட்டது. கடல் கடந்து போய், 1170 டிசம்பர் 29 அன்று பேராலயத்துக்குள்ளேயே அவரை வெட்டிச் சாய்த்தார்கள். தலைவரின் மனத்தைத் தலைவரைவிட நன்றாகப் படிக்கும் இந்த நோய்க்கு வயது அவ்வளவு. ஆனாலும் ஹென்றியிடம் ஒரு நேர்மை இருந்தது: 1174இல் பெக்கெட்டின் கல்லறைக்கு வெறுங்காலோடு நடந்து போய்த் துறவிகளிடம் கசையடி வாங்கிக்கொண்டார். எங்கள் தலைவர் நேற்று, நான் அந்த அறைக்குள் இருந்த பதினேழு நிமிடமும், கண்ணாடிக்கு அப்பால் தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலிடத்து ஆணை என்பதால் மட்டும் ஒருவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிட மாட்டார், தண்டனையைக் குறைக்க வேண்டுமானால் அதைக் கருதலாம் என்று ஜெர்மனியின் நாஜித் தலைவர்கள்மீதான நூரம்பர்க் விசாரணைக்கான சாசனத்தில் 1945ஆம் ஆண்டே எழுதி வைத்துவிட்டார்கள். ஒரு தாமதக் கடிதத்துக்கு நூரம்பர்க் வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். நேற்று இரவு தூக்கம் வராமல் புரண்டபோது நான் அதற்கு அப்பாலும் போனேன். உங்கள்மேல் இரக்கப்பட்டுத்தான் இங்கே நிறுத்துகிறேன்.

நான் கையெழுத்திட்டேனா என்றுதானே கேட்கிறீர்கள்? இடவில்லை. அவர் நீட்டிய பேனாவில் மை வற்றியிருந்தது. நான்கைந்து முறை உதறிப் பார்த்துவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த என் பேனாவை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கி, வீரமாக எதுவும் பேசாமல், பழக்கதோஷத்தால் அந்த 'ல'கரத்தை அடித்து 'ள'கரமாகத் திருத்தினேன். என்னைத் தூக்கிலிடும் ஓலையாக இருந்தாலும் என் பெயரில் பிழை இருந்தால் திருத்தாமல் என்னால் நகர முடியாது. திருத்திவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கதவு வரைக்கும் பின்னாலேயே வந்து, "என்மேல் கோபமில்லையே அண்ணா?" என்றார்.

பேனாவை விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. போகட்டும், காலையில் அம்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை ஒன்பதரை மணிக் கூட்டத்தில் அது எங்கள் தலைவரின் சட்டைப்பையில் இருந்தது. எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்ற மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. அப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் மேசைமேல் என் பக்கம் நகர்ந்து வந்தது.