ப்ராக்டிஸ், லைசென்ஸ்: கடைசியில் சி-யா, எஸ்-ஆ?

"ஒலி ஒன்றுதானே, ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் சி போட்டாலும் எஸ் போட்டாலும் சரி" என்று ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி விண்ணப்பக் கடிதம் எழுதுகிறவர்கள் இருப்பார்கள், அதனால் திருத்துகிறேன்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு சி (practice, licence), வினைச்சொல்லுக்கு எஸ் (practise, license). 'பயிற்சி' என்று பொருள் வந்தால் சி. 'பயிற்சி செய்' என்றால் எஸ். கையில் இருக்கும் உரிமத்துக்கு சி, உரிமம் வழங்குவதற்கு எஸ். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் அட்வைஸ் என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். அதில் ஒலியும் மாறும்: பெயர்ச்சொல் 'ஸ்' என முடியும், சி வரும்; வினைச்சொல் 'ஸ்ஸ்' என்று சீறாமல் தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்து முடியும், எஸ் வரும். எது பொருந்துகிறதோ அதே எழுத்துதான்.

அமெரிக்க வழக்கில் இந்தப் பிரிவே இல்லை. ஆனால் அங்கும் இஷ்டம்போல் எழுத முடியாது: ப்ராக்டிஸுக்கு இரு பொருளிலும் சி, லைசென்ஸுக்கு இரு பொருளிலும் எஸ். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்கப் போனால் தவறிவிடும்.

கணினியின் எழுத்துப்பிழை திருத்தி காப்பாற்றும் என்றும் சொல்லியிருந்தீர்கள். பிரிட்டிஷ் அகராதியில் இரு வடிவங்களும் சரியான சொற்களே. சொல்லை மட்டும் ஒப்பிடும் திருத்தி, இடம் மாறி வந்ததைக் கண்டுகொள்ளாது. அதன் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிரிட்டிஷ் முறையில் எஸ் போட்டுச் சரியாக எழுதிய ப்ராக்டிஸையே பிழை என்று சிவப்புக் கோடிட்டுக் காட்டக்கூடும். முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.