எதை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போனேன். அஸ்தம்பட்டியிலேயே வண்டி நிறைந்துவிட்டது. கோரிமேட்டில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். "மூணு மூணு பேரா அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்று கண்டக்டர் குரல் கொடுக்க, நாங்கள் இருவர் இருந்த சீட்டின் ஓரத்தில் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் அவர் உடம்பு பாதி சீட்டுக்கு வெளியே போகும், முன்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அடுத்த வளைவில் மூவரும் ஜன்னல் பக்கம் சரிவோம்.

அதே பஸ்ஸில் காலடியில் மூட்டையோடு நின்றிருந்த ஒரு ஆயா, எதிர்சீட்டுப் பையனிடம் சொன்னார்: "செத்த நகந்து உக்காரு கண்ணு, முட்டி வலிக்குது." பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

கண்டக்டர் கேட்டதும் ஆயா கேட்டதும் ஒன்றுதான், இடம். ஆனால் ஆயா சொன்னதில் யார் நகர வேண்டும், எவ்வளவு, எதற்காக என்பதெல்லாம் இருந்தது. கண்டக்டர் சொன்னதில் எதுவும் இல்லை. அட்ஜஸ்ட் என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றி எனக்குப் பல வருடமாக மனத்தாங்கல் உண்டு. இன்று எழுதிவிடுகிறேன்.

ஆங்கிலச் சொல் என்பதால் வந்த கோபம் இல்லை. பஸ், சீட், கண்டக்டர் என்று நானே எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லப்போனால் இதன் பூர்வீகம் அழகானது. லத்தீனில் 'யுக்ஸ்டா' என்றால் அருகில். அருகில் கொண்டுவருவது என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பஸ் சீட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்துக்காரர் சீட்டில் இடம் கேட்க 'அட்ஜஸ்ட்' என்று சொல்வதில்லை, 'மூவ் ஓவர்' என்பார். அப்படிக் கேட்பது இந்திய ஆங்கிலத்தின் வழக்கம். அவர்களிடம் அடாப்ட், ஆல்டர், அகாமடேட், காம்ப்ரமைஸ் என்று ஆளுக்கொரு வேலையாகச் சொற்கள் பிரிந்து நிற்கின்றன. நாம் அத்தனை வேலையையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றிவிட்டோம்.

எப்படியெல்லாம் சொல்கிறோம் பாருங்கள். வீட்டுக்காரர் "வாடகையை அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்றால் கழித்துக்கொள்கிறார். நண்பர் "ஒரு ஐந்நூறு அட்ஜஸ்ட் பண்ணு" என்றால் கைமாத்து கேட்கிறார். கடையில் "விலைய அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால் குறைக்கச் சொல்கிறோம். குழம்பில் உப்பு கம்மி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்றால் பேசாமல் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். கழி, கொடு, குறை, பேசாதே. இந்த நான்குக்கும் ஏதாவது ஒட்டுறவு இருக்கிறதா?

கைவேலை செய்பவர்களிடம் இந்தச் சொல் செல்லுபடியாகாது என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கற்றுக்கொண்டேன். மகளின் கொலுசைக் கொடுத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்கண்ணா" என்றேன். அவர் அதை விரலில் தொங்கவிட்டு, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். "என்ன பண்ணணுங்கம்மா? தளர்வா இருக்குதுன்னா ரெண்டு கண்ணி எடுத்துடலாம். கொக்கி நிக்கலைன்னா இறுக்கித் தர்றேன். முத்து விழுந்திருந்தா பத்தவைக்கணும், அதுக்கு நேரமாகும்" என்றார். மூன்றும் வேறு வேறு வேலை. எது என்று நான் சொன்ன பிறகுதான் இடுக்கியை எடுத்தார். தையல்காரரும் அப்படித்தான். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்க வேண்டுமா, பிரித்து விட வேண்டுமா என்று கேட்காமல் கத்தரியைத் தொட மாட்டார்.

கொலுசுக்கும் ஜாக்கெட்டுக்கும் கேட்கும் இந்தக் கேள்வியை மனிதர்கள் விஷயத்தில் யாரும் கேட்பதில்லை.

இருபது வருடத்துக்கு முன் என் அக்காவை அம்மாப்பேட்டையில் கட்டிக்கொடுத்தோம். இரண்டாவது வருடமே ஒரு பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் கூடினார்கள். பெரியப்பா, மாமா, அத்தை எல்லோரும் காபி குடித்தபடி இரண்டு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அத்தனை பேரும் சொன்னது, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா." அக்கா "எதைங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. நேர்த் தமிழில் சொல்வதென்றால் அவர்கள் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: "உன் சம்பளத்தை மாமியார் கையில் கொடு. நாலரைக்கு எழுந்திரு. புருஷன் கை ஓங்கினால் பொறுத்துக்கொள்." என் அப்பா உட்பட அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் இதைச் சொல்ல வாய் வந்திருக்காது. அட்ஜஸ்ட் என்று சொல்ல வந்தது.

தமிழ்ச் சொல்லாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 'அனுசரித்துப் போ' என்பதும் பெண்களிடமே அதிகம் சொல்லப்பட்டது. சமஸ்கிருதத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பின்னால் போவது என்றுதான் பொருள். ஆனால் மற்றவை அப்படி இல்லை. விட்டுக்கொடு என்றால் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் கையில் கொடுக்க ஏதோ இருக்கிறது என்பது தெரியும். பொறுத்துக்கொள் என்றால் வலி இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒத்துப்போ என்றால் இரண்டு பேரும் தேவை. சமாளி என்றால் கஷ்டம் இருக்கிறது, அதைத் தாண்ட உன்னால் முடியும் என்கிறோம்.

சினிமாத் துறையில் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்றால் வாய்ப்புக்காகப் படுக்கைக்கு இணங்கச் சொல்வது என்பது எல்லோருக்கும் தெரியும். மலையாளத் திரையுலகப் பெண்களுக்கு அதுவும் 'காம்ப்ரமைஸ்' என்பதும் நன்கு பழகிய சொற்கள் என்று அவர்களின் நிலையை ஆராய்ந்து 2024-இல் கேரளாவில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அறையில் நடக்கும் குற்றத்துக்கு, பஸ் சீட்டில் நகரச் சொல்லும் அதே சொல்.

வண்டிச் செயினையும் பிரேக்கையும் தாராளமாக அட்ஜஸ்ட் பண்ணுங்கள். மெக்கானிக்குக்கு எந்த நட்டை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று தெரியும்.

அக்காவின் மகள் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். ஏற்காட்டில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது போன் செய்தாள். ஆபீசில் ஏதோ பிரச்சினை, குரலே சரியில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்..." வரை வாயில் வந்துவிட்டது. அப்புறம் அந்த ஆயாவின் நினைப்பு வந்தது. "உன்னை என்ன செய்யச் சொல்றாங்க? ஒண்ணொண்ணா சொல்லு" என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு "சித்தி, மொதல்ல ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.