அந்த மெட்டு கப்பலில் பிறக்கவில்லை

கொரியப் பாடகி யுன் சிம்-தொக்கின் கதையைச் சொல்லும் 1991-ஆம் ஆண்டுப் படம் ‘சாவின் புகழ்ச்சி’. அதே பெயருள்ள பாட்டுக்கு, சாவதற்கு முந்தைய இரவில் கப்பலில் அவரே மெட்டுப் போட்டாராம். இப்படி ஒரு கதை சுற்றுகிறது. உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை.

மெட்டு ருமேனியாக்காரர் இவனோவிச்சியின் ‘டான்யூப் அலைகள்’, 1880-ல் வந்த வால்ட்ஸ், அதாவது ஜோடி நடனத்துக்கான இசை. யுன் பிறந்ததே 1897-ல்! ஒலிப்பதிவும் ஒசாகாவில், தங்கையின் பியானோவோடு, முன்பே முடிந்திருந்தது. அப்புறம்தான் ஜப்பானின் ஷிமோனோசெகியிலிருந்து கொரியாவின் புசானுக்குக் கப்பல் ஏறினார். 1926 ஆகஸ்ட் 4 விடியற்காலையில் அவரையும் நாடக ஆசிரியர் கிம் ஊ-ஜின்னையும் கப்பலில் காணவில்லை.

சரி, சந்தேகமென்றால் அந்த வால்ட்ஸை ஒருமுறை கேளுங்கள். யுன் அதையேதான் மெதுவாக இழுத்துப் பாடியிருக்கிறார்.