பால் வடியும் குடும்பம்

முகநூலில் இரண்டு வகைப் பதிவுகள் ஓயாமல் சுற்றுகின்றன. ஒன்று, "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்பது. இன்னொன்று, "இந்தச் செடி கொடிய விஷம், பக்கத்திலேயே போகாதீர்கள்" என்பது. இரண்டையும் பகிர்கிறவர்களுக்கு ஆமணக்குக் குடும்பத்தை அறிமுகம் செய்துவைக்க ஆசை.

தாவரவியலில் யூஃபோர்பியேசி என்பார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மரம், திருகுகள்ளி, நேர்வாளம், காட்டாமணக்கு, குப்பைமேனி எல்லாம் பங்காளிகள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே தெரியாது. ஆண்பூ வேறு பெண்பூ வேறு, காய் பெரும்பாலும் மூன்று அறை. அங்கேதான் உறவு பிடிபடும். (சப்பாத்திக்கள்ளியை இதில் சேர்க்காதீர்கள். அது வேறு குடும்பம், கீறினால் பால் வராது.)

இந்தக் குடும்பத்தில் நமக்குப் பயன்படுவதில் பெரும்பகுதி செடி சும்மா கொடுத்ததல்ல, மனிதர்கள் பக்குவம் செய்து வாங்கியது என்பதே என் கட்சி.

மரவள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவு. அதன் கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு வெளிவரும். கசப்பு ரகங்களில் இது அதிகம். அமேசான் பழங்குடிகள் கிழங்கைத் துருவி, நீளமான பின்னல் குழாயில் அடைத்து இழுத்துப் பிழிந்து, சாற்றைப் பிரித்து, மாவை வறுத்தார்கள். சோதனைக்கூடம் இல்லாமல் இதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவுக்கு இந்தச் செடியைப் போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுபோனார்கள். அங்கும் ஊறவைப்பது, புளிக்கவைப்பது, காயவைப்பது என்று வழிகள் உருவாயின. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலாவில் வறட்சி. வேறு சாப்பாடு இல்லை, கிழங்கை முழுதாகப் பக்குவம் செய்யவும் அவகாசம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்துப்போயின. கொன்ஸோ என்று பெயர். வந்தால் திரும்பாத முடக்கம். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். அதே கிழங்கு, அதே இயற்கை. விட்டுப்போனது சில நாள் வேலை.

ஆமணக்கு இன்னும் விசித்திரம். விதையில் ரைசின் என்ற கொடிய புரதம். 1978இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவ் கொல்லப்பட்டது அதனால்தான் என்று கருதப்படுகிறது. ஆனால் ரைசின் எண்ணெயில் கரையாது. பிண்ணாக்கிலேயே தங்கிவிடும், நல்ல சூடு பட்டால் செயலிழக்கும். பிரிந்துவரும் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். முதல் உலகப் போரின் விமான எஞ்சின்கள் பலவற்றுக்கு இதுதான் மசகு எண்ணெய். இன்று நைலான்-11 பிளாஸ்டிக்கும் இதிலிருந்துதான். ஒரே விதையை "விஷமா, மருந்தா" என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி.

ரப்பர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், பின்னாளில் சர் பட்டமும் வாங்கினார். பாலைக் கெட்டியாக்கிப் பயன்படுத்தக் கற்றிருந்த அமேசான் மக்களுக்கு யாரும் பட்டம் தரவில்லை. எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

மூலிகைப் பக்கம் வருவோம். நேர்வாளம் கடுமையான பேதிமருந்து என்று பலருக்குத் தெரியும். அதன் எண்ணெயிலிருந்து பிரித்த ஃபோர்பால் எஸ்டர் என்ற பொருளை, எலிகளில் புற்றுக்கட்டி வளர்வதைத் தூண்டிப் பார்க்க ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இதே குடும்பத்துக் கள்ளிப்பாலை மருவில் வை, கண்ணில் விடு என்று காணொளி போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள்.

"அதையும் பக்குவம் செய்தால் போதுமே" என்று கேட்பீர்கள். செய்தார்கள். யூஃபோர்பியா பெப்ளஸ் என்ற சிறு களையின் பாலைத் தோல் கோளாறுகளுக்குத் தடவுவது பழைய வைத்தியம். அதிலிருந்து இன்ஜெனால் மெபுடேட் என்ற பொருளைப் பிரித்து, அளவு கட்டி, களிம்பாக்கினார்கள். 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2020இல் ஐரோப்பாவில் அது விலக்கப்பட்டது. தடவிய இடத்தில் தோல் புற்று வரக்கூடும் என்ற சந்தேகம்தான் காரணம்.