சேனைக்காரர் காட்டைத் தூக்கிக்கொண்டு போகவில்லை

கருகிய காணியின் அந்தப் படத்தை நாலைந்து நாளாக எல்லோரும் பகிர்கிறீர்கள். அதில் நிற்கிற மனிதரின் முகத்தைக்கூட மறைக்கவில்லை. கீழே வரிசையாக "காட்டுத் திருடன்", "உள்ளே தள்ளுங்கள்" என்று கருத்துகள். அதில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், நன்றாகப் படித்தவர்கள்.

படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெட்டின கட்டைகள் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நிற்கின்றன. நடுவில் ஒரு பாலை மரத்தை விட்டிருக்கிறார்கள். புல்டோசர் தடம் எங்காவது இருக்கிறதா? அது சேனை. பற்றைக்காட்டை வெட்டி எரித்து, ஒரு போகம், மிஞ்சினால் இரண்டு மூன்று போகம் செய்துவிட்டு, காடு திரும்பி வரட்டும் என்று விட்டுப்போகிற காணி. விட்டுப்போவதுதான் சேனை. இதை விளங்கிக்கொள்ளாமல் சேனையைப் பற்றிப் பேசவே முடியாது.

எங்கள் அம்மப்பா வன்னியில் சேனை செய்தவர். பற்றைக்காட்டை வெட்டிக் காயவிட்டு, ஆவணி, புரட்டாசி வெயிலில் எரிப்பார்கள். கட்டையைக் கிளப்ப விடமாட்டார். "வேர் இருந்தால்தான் மண் நிற்கும், மரமும் திரும்பத் துளிர்க்கும்" என்பார். ஏர் இல்லை, உரமூட்டை இல்லை. சாம்பலில் முதல் மழை விழுந்ததும் குரக்கன், இறுங்கு, சோளம், பயறு, இடையிடையே பூசணி, கெக்கரி என்று எல்லாம் கலந்து போடுவார்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று சோறு போடும். இரவில் பரணில் ஏறிப் பன்றிக்கும் யானைக்கும் காவல். அடுத்து வரும் சிறுபோகத்தில் எள்ளு. அப்புறம் அந்தக் காணிப் பக்கம் வருடக்கணக்காகப் போகவேமாட்டார்கள். சின்ன வயதில் அவர் காட்டிய பழைய சேனைகளுக்குள் என்னால் நுழைய முடியவில்லை, அவ்வளவு அடர்த்தி. இவரையா காட்டை அழித்தவர் என்கிறீர்கள்?

காட்டை அழித்தவர்களைப் பற்றிப் பேசலாம், வாருங்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பிரித்தானிய முடிக்கு, அதாவது அரசுக்கு, சொந்தம் என்றது. கண்டிப் பகுதியில் சில வருட இடைவெளி விட்டுச் செய்கிற சேனைகளுக்கு அரசன் கொடுத்த காணி உறுதிப் பத்திரத்தையோ வரி கட்டியதையோ காட்டச் சொன்னது. இல்லாவிட்டால் காணி முடிக்கு. தலைமுறையாகக் கொத்திய சனம் எந்தப் பத்திரத்தைக் காட்டும்? அப்படி எடுத்த காட்டைத்தான் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் தோட்டத்துக்கு விற்றார்கள். மலை மலையாக மொட்டையடித்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி செத்தது, பிறகு தேயிலை நட்டார்கள். அந்தக் காடு இன்றைக்கும் திரும்பவில்லை. அந்தத் தேயிலை மலைகளைத்தான் சுற்றுலா போய்ப் படம் எடுத்து "பசுமை" என்று போடுகிறீர்கள். சேனைக்காரர் விட்ட இடத்தில் காடு வந்தது, தோட்டக்காரர் பிடித்த இடத்தில் வரவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் இது ஏன் உங்கள் காதில் ஏறுவதில்லை?

"இப்போது யார் பத்து வருடம் தரிசாக விடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்வி. விடுவது குறைந்துவிட்டது. மொனராகலை, அநுராதபுரம் பக்கம் உழவு இயந்திரம் விட்டு, களைநாசினி அடித்து, வருடாவருடம் ஒரே காணியில் கோழித்தீவனத்துக்குச் சோளம் மட்டும் போடுவதையும் சேனை என்றே சொல்கிறார்கள். 2018 பெரும்போகத்தில் சோளத்தைத் தின்கிற படைப்புழு வந்தபோது அந்தச் சோளத்துக்குப் பக்கத்தில் கைகொடுக்க வேறு பயிர் இல்லை. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் நாலாபக்கமும் காணியைச் சுருக்கிவிட்டு, ஏன் சுற்றிச் சுற்றிச் செய்யவில்லை என்று சேனைக்காரரிடம் கேட்பது அநியாயம்.

சேனையால் யானைக்குக் காடு இல்லாமல் போகிறது என்று யானையைக் காட்டியும் சிலர் வருவார்கள். அறுவடை முடிந்து விட்ட சேனையில் தளிர்க்கிற புல்லும் பற்றையும் யானைக்கு நல்ல தீனி. இதை யானை ஆராய்ச்சி செய்கிறவர்களே எழுதியிருக்கிறார்கள். புகையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வருடத்தில் ஒரு நாள் எரிகிற புகை அது.

1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது அங்கு வாழ்ந்த பழங்குடி வேடர்களுக்கு வேட்டையும் போயிற்று, சேனையும் போயிற்று. அவர்கள் அவ்வளவு காலம் இருந்தும் அந்தக் காடு பூங்கா ஆக்குகிற அளவுக்கு நன்றாகத்தானே இருந்தது?

எங்கள் கதையும் அதுதான். சண்டைக்கு இடம்பெயர்ந்து போனோம். யாரும் இல்லாத காணியில் காடு வராமல் என்ன செய்யும்? திரும்பி வந்தபோது அம்மப்பாவின் காணியில், அது அரச காடு என்று எல்லைக்கல் நட்டிருந்தது. கிணறு இருக்கிறது, அம்மம்மா நட்ட புளியமரம் இருக்கிறது. முறையிடப் போன அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டையும் பார்க்க வரவில்லை. "உறுதி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஓடினபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பெட்டியைத் தூக்கவில்லை. அம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார், பிறகும் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது அந்தக் காணிக்குள் விறகு பொறுக்கப் போனாலே அம்மா அத்துமீறியவர். அம்மாவின் முகத்தையும் ஒரு நாள் படம் பிடித்துப் போடுவீர்கள்.